கிராண்ட் தளபதியின் மனோதைரியம்

நம் சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகத் தகப்பனாருக்கும் தமையனாருக்கும் கீழ்ப்படிந்து கடையிலே தொழில் கற்றவர்கள். பிறரை ஏவி வேலை வாங்கும் ஸ்தானம் முற்காலத்தில் நரை கண்ட பிறகே ஒருவருக்குக் கிட்டும். இப்பொழுதோ, படித்து வெளியேறிய நம் பிள்ளைகளும் பெண்களும் முப்பது வயது நிரம்புமுன்னரே பத்துப்பேர், இருபதுபேர் அடங்கிய ஒரு பகுதிக்குத் தலைவராக அமர்த்தப்படுகிறார்கள். செய்தி கேட்ட வீட்டார் மகிழ்ந்து கோவிலுக்குத் தேங்காய் கொண்டு போகிறார்கள். அமர்த்தப்பட்டவரோ உள்ளுக்குள் நடுங்குகிறார். தமக்குக் கீழிருப்போர் தம்மினும் அநுபவசாலிகள் என்றும், தம் அறியாமையை இன்றோ நாளையோ கண்டுபிடித்து நகைப்பார்கள் என்றும் அவருக்கு ஓயாத கவலை. தைரியமாயிரு என்று பெரியோராகிய நாம் அவருக்குப் புத்தி சொல்கிறோம். நீந்தத் தெரியாதவனைக் கரையிலிருந்துகொண்டு நீந்து நீந்து என்று கூவுவதற்கும் இதற்கும் பேதம் அதிகமில்லை. அந்தத் தைரியம் எங்கிருந்து வரும் என்பதன்றோ அவர் கேட்கும் கேள்வி?

இக்கேள்விக்கு விடை தேடுவோருக்கு உதவக்கூடிய ஜீவிய சரித்திரம் ஒன்றை இம்மாதம் எடுத்துக்கொண்டோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சேனாதிபதியாயும் பின்னர் ஜனாதிபதியாயும் விளங்கிய யூலிஸிஸ் கிராண்ட் என்பவருடையது அது. பிறவியிலேயே அஞ்சா நெஞ்சர் என்று கீர்த்தி பெற்றவர்களின் கதைகள் பல உண்டு. அவற்றை வாசித்து வியக்கலாமேயன்றி, நடுங்குகிறவனுக்கு அவற்றால் பிரயோஜனம் சொற்பம். கிராண்ட் நடுங்கியவர். முப்பத்தொன்பதாம் வயதுவரையில் தொட்டதெல்லாம் துலங்காதவர். ஆகையாலேயே அவரை நாம் தெரிந்துகொண்டோம்.

அவர் 1822-ம் வருஷம் ஏப்ரல் 27-ந் தேதி ஒஹையோ மாகாணத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜெஸி கிராண்ட் தோல் பதனிடும் தொழிலினர், கெட்டிக்கார வியாபாரி, பேச்சிலும் வல்லவர். தாயாரோ மிகவும் மௌனமானவர். பிள்ளை தாயாரின் சுபாவத்தைக் கொண்டு பிறந்தார். தோல் ஊறும் தொட்டிகளின் வாடையையும் இரத்தத்தையும் கண்டால் அவருக்கு ஆகாது. குதிரைகளிடத்தில் மாத்திரம் அவருக்கு அளவற்ற பிரியம். எவருக்கும் அடங்காத குதிரையும் அச்சிறுவருக்கு அடங்கும்.

அக்குதிரைப் பிரியத்தினாலேயே ஒரு தலைகுனிவும் நேர்ந்தது. எட்டு வயதளவில், அயலூரார் ஒருவரிடமிருந்த குதிரைக்குட்டி ஒன்றை வாங்கித்தருமாறு தந்தையைக் கெஞ்சினார். தந்தை, முதலில் 20 டாலர் கேள், இணங்காவிட்டால் இருபத்திரண்டரை கேள், அதற்கும் இணங்காவிட்டால் 25 கொடுத்துவிடு என்று சொல்லியனுப்பினார். பையன் விற்பவரிடம் போய், தந்தை சொன்ன மூன்று விலைகளையும் ஒளிக்காமல் அப்படியே ஒப்பித்துவிட்டார். எந்த விலைக்குக் குதிரை வந்தது என்று நம் வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கடைத்தெருவிலே பிறந்து வளர்ந்த நம் வீட்டுக் குழந்தைகள் இதைக் கேட்டால் கைகொட்டிச் சிரிக்கும். அவ்வூர்ப் பையன்களும் அப்படித்தான் சிரித்தார்கள், நெடுநாள் சிரித்தார்கள். அந்தக் கள்ளமின்மை கடைசி வரையில் அவரைவிட்டு நீங்கவில்லை என்பதைப் பின்னே காண்போம்.

1839-ல் தந்தையின் முயற்சியினால் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கலாசாலையில் இடம் கிடைத்தது. பெற்றோர் இட்ட பெயர் ஹைரம் யூலிஸிஸ் கிராண்ட். சிபாரிசு செய்த சட்டசபை அங்கத்தினர் தவறாக யூலிஸிஸ் எஸ். கிராண்ட் என்று எழுதிவிட்டார். திருத்த முயன்றும் பலிக்கவில்லை; தவறிய பெயரே நிலைத்தது. 1843-ல் முப்பத்தொன்பது பேரில் இருபத்தோராவதாகத் தேறினார்.

தேறியவுடன் புதுச் சீருடை தைத்து அணிந்து குதிரைமீது ஊர்வலம் வந்தாற்போல் சின்ஸினாட்டி நகரத்து வீதியில் போனார். பார்ப்போரெல்லாம் தம்மையே பார்ப்பதாக அவருக்கு எண்ணம். கந்தலணிந்த வெறுங்கால் பையன் ஒருவன் அவரை நோக்கிக் கேலியாகக் கூவினான். சொந்த ஊருக்கு வந்தால், எதிர்வீட்டு லாயத்துக் குதிரைக்காரன் நீல நிறக் காற்சட்டையின் இருபுறமும் வெள்ளைத் துணிக்கீற்றைத் தைத்துக்கொண்டு, அவர் நடையைப்போல் நடந்து காட்டித் தெருவையே சிரிக்க வைத்தான். அன்று பிடித்த வெறுப்பு வாழ்நாள் முழுவதும் போகவில்லை. ஐந்து லக்ஷம் துருப்புக்களுக்கு மேற்பட்ட சேனைக்குத் தலைவரான காலத்திலும், சாதாரணச் சிப்பாயின் சட்டையில் பதவிச் சின்னத்தைத் தைத்துக்கொண்டு திரிந்தார். உடையிலிருந்து கிடைக்கும் மிடுக்கு ஒரு பையனுடைய கூச்சலில் பறந்துவிடும் என்பதை அவர் இருபத்தோராம் வயதில் கண்டுகொண்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

மெக்ஸிகோ தேசத்தோடு 1846 முதல் 1848 வரை நடந்த யுத்தத்தில், படைக்கு வேண்டிய தீனி, வண்டி, கோவேறு கழுதை முதலியவற்றைச் சேகரித்துக் கொடுக்கும் வேலை அவருக்கு வாய்த்தது. யுத்தகளத்தை விட்டு ஒதுங்கியிருக்கும் அவ்வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. ஆயினும் செம்மையாய்ச் செய்தார். பெரிய சேனையொன்று உண்பதெப்படி, நகர்வதெப்படி என்பதை அங்கே கற்றார். மாண்டரே நகரத்துச் சண்டையில் மருந்துகுண்டு குறைந்தபோது, குதிரையின் ஒருபுறமாக உடலைச் சாய்த்துத் தொங்கிக்கொண்டு, குண்டு பொழியும் தெருக்கள் வழியே பாய்ந்து சென்று செய்தி கொண்டுபோனார். ஆக, தம் உயிரைப் பற்றிய பயம் அவருக்கு அக்காலத்திலேயே இல்லை. இதை வாசகர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். உயிருக்கு அஞ்சாதவர், பிறருக்குத் தலைமை தாங்க அஞ்சினார். இரண்டும் வெவ்வேறு பயங்கள்.

1848-ல் ஜூலியா டென்ட் என்னும் மாதை விவாகம் செய்துகொண்டார். சில வருஷங்களில் அவரை மேற்கடற்கரைக்கு மாற்றிவிட்டார்கள். மனைவி மக்களைக் கூட்டிச் செல்ல வசதியில்லை. இரண்டாவது மகன் பிறந்ததையும் தூரத்திலிருந்தே அறிந்தார். சம்பளம் போதாமல் உருளைக்கிழங்கு பயிரிட்டார், நஷ்டம். வேறு சில வியாபாரங்களும் செய்தார், எல்லாம் நஷ்டம். தனிமையில் குடிக்கலானார் என்ற பேச்சும் கிளம்பிற்று. 1854-ல் ராணுவ உத்தியோகத்தை ராஜிநாமாச் செய்து, கையில் பணமின்றி ஊர் திரும்பினார்.

அதன் பின் வந்த ஏழு வருஷங்களை விரைந்து சொல்லிவிட மனம் வரவில்லை. நம்மவர் பலருக்குப் பழக்கமான வருஷங்கள் அவை. மிஸௌரியில் மனைவியின் தகப்பனார் கொடுத்த நிலத்தில் தம் கையாலேயே மரம் வெட்டி வீடு கட்டி உழுதார். பயிர் தேறவில்லை. விறகு வெட்டி வண்டியிலேற்றி ஸெயின்ட் லூயி நகரத் தெருக்களில் விற்றார். தம்மோடு ராணுவத்தில் இருந்தவர்கள் எதிர்ப்பட்டு, பழைய சட்டையுடன் விறகு வண்டியருகே நிற்கும் அவரைக் கண்டு திகைப்பார்கள். 1857-ம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்பு தம் பொற்கடிகாரத்தை 22 டாலருக்கு அடகு வைத்தார். மனைவியின் உறவினர் ஒருவரோடு சேர்ந்து வீடு நிலங்களுக்கு வாடகை வசூலிக்கும் தொழில் செய்தார். கடன்காரரிடம் கண்டித்துக் கேட்க நா எழாதவருக்கு அத்தொழில் எப்படி நடக்கும்? ஜில்லா இஞ்சினீயர் வேலைக்கு மனுப் போட்டார், கிடைக்கவில்லை.

அவ்வறுமையின் நடுவே அவர் செய்த காரியம் ஒன்று உண்டு. மாமனார் வழியில் வில்லியம் ஜோன்ஸ் என்ற அடிமை அவர் வசம் வந்திருந்தான். அடிமையை விற்றால் பல நூறு டாலர் கிடைக்கும் காலம். கிராண்ட் 1859-ல் நியாயஸ்தலத்துக்குச் சென்று பத்திரம் எழுதி அவனுக்கு விடுதலை கொடுத்துவிட்டார். தம்மையே ஒன்றுக்கும் உதவாதவரென்று ஊரார் எண்ணியிருந்த நாளில் செய்தது இது.

1860-ல் வேறு வழியின்றித் தந்தையிடம் போய் நின்றார். இல்லினாய் மாகாணத்துக் கலீனா என்னும் ஊரில் ஜெஸி கிராண்டுக்குத் தோல் கடை ஒன்று இருந்தது. அதை நடத்தியவர்கள் இவருடைய தம்பிமார் இருவர். முப்பத்தெட்டு வயதான மூத்த மகன், நான்கு குழந்தைகளுக்குத் தகப்பன், தம்பிகளுக்குக் கீழே குமாஸ்தாவாக உட்கார்ந்தார். சரக்கின் விலை அவருக்கு நினைவிருப்பதில்லையாம். கூட்டுக் குடும்பத்திலே கைசலித்த அண்ணனுடைய நிலைமை எப்படிப்பட்டது, அவன் மனைவி அடுக்களையில் எப்படி நடமாடுவாள் என்பதெல்லாம் நம் வீடுகளில் எழுதித் தெரிவிக்கவேண்டிய விஷயமல்ல.

இந்நிலையில் 1861-ம் வருஷம் ஏப்ரல் மாதம் உள்நாட்டு யுத்தம் மூண்டது. அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ளும் பொருட்டுத் தென் மாகாணங்கள் பிரிந்துபோய்த் தனி அரசு நாட்டின. ஜனாதிபதி லிங்கன் படை திரட்ட உத்தரவிட்டார். கலீனாவில் கூடிய பொதுக்கூட்டத்தில், ராணுவப் பயிற்சி பெற்றவர் என்பதற்காகக் கிராண்டைத் தலைமை வகிக்கச் சொன்னார்கள். அவர் திக்கித் திணறி இரண்டொரு வார்த்தை பேசினார். ஊர்ப்படைக்குப் பயிற்சி கொடுத்தார். மாகாணத் தலைநகரில் காகிதங்கள் எழுதும் உத்தியோகம் கொஞ்சநாள் பார்த்தார்.

ஆயிரம் பேர் கொண்ட ஒரு பட்டாளத்துக்குக் கர்னலாகத் தாம் தகுந்தவர்தானா என்ற ஐயம் அவரை வாட்டிற்று. பிற்காலத்தில் அவரே இதை ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். பிறகு, கர்னல்களாக நியமனம் பெற்று வந்தவர்களை உற்றுப் பார்த்தார். வக்கீல்களும் அரசியல் பேச்சாளர்களும் அப்பதவியில் இருந்தார்கள். இவர்களால் முடியுமானால் தம்மாலும் முடியும் என்று துணிந்து, வாஷிங்டனுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். பதில் வரவில்லை. அக்கடிதம் எங்கோ கட்டுகளுக்கிடையே கிடந்து யுத்தம் முடிந்த பின்பே அகப்பட்டது. பழைய நண்பரான மக்ளெல்லன் தளபதியைக் காணப் போய், வெளித்திண்ணையில் காத்திருப்பது போல் இரண்டு நாள் காத்திருந்தார், பேட்டி கிடைக்கவில்லை. ஜூன் மாதத்தில் இல்லினாய் கவர்னர், ஒருவருக்கும் அடங்காமலிருந்த இருபத்தோராவது பட்டாளத்தை அவரிடம் ஒப்படைத்தார். தெளிந்த தேர்வு என்று சொல்வதற்கில்லை. முன்னிருந்த கர்னல் மேய்க்க முடியாமல் விட்ட மந்தை அது.

தம் குடியானவச் சட்டையோடு அவர் முகாமுக்குள் நுழைந்தபோது சிப்பாய்கள் சிரித்தார்கள். சிரிப்பு அவருக்குப் புதிதன்று. அரசியல்வாதிகள் இருவர் சிப்பாய்களுக்கு வீராவேசமாகப் பிரசங்கம் செய்து முடித்தபின், புதுக் கர்னலும் பேசவேண்டுமென்று கூட்டம் ஆரவாரித்ததாம். அவரவர் கூடாரத்துக்குப் போங்கள் என்ற அளவில் அவர் பேச்சு முடிந்தது என்பர். வேளைக்கு அணிவகுப்பு, வேளைக்குச் சாப்பாடு, குற்றத்துக்குத் தண்டனை, ஒருவரையும் வைதல் இல்லை. மிஸௌரிக்குச் செல்ல ரயில் இருந்தும், நடத்திக்கொண்டே போனால் பழக்கம் உண்டாகுமென்று கருதிப் பட்டாளத்தைக் கால்நடையாகக் கிளப்பினார்.

அணிவகுப்பு முறைகளைப் பற்றிய புதுப் புஸ்தகம் ஒன்று அக்காலத்தில் வழங்கியது. அவர் கலாசாலையில் கற்றது பழைய முறை, அதையும் மறந்திருந்தார். புதுப் புஸ்தகத்தை வாங்கி முதற் பாடத்தை மட்டும் படித்துக்கொண்டு மைதானத்துக்குப் போனார். புஸ்தகத்தில் கண்டபடியே நடத்துவதானால் வழியிலுள்ள சில வீடுகளையும் தோட்ட வேலிகளையும் பிடுங்கியாகவேண்டும் என்று அங்கே தெரிந்தது. உடனே புஸ்தகத்தை மனத்திலிருந்து தள்ளி, எங்கே போகவேண்டுமோ அங்கே போகும்படி எளிய கட்டளை கொடுத்தார். பட்டாளம் ஒழுங்காகச் சென்றது. தாம் அப்புஸ்தகத்தை முழுதும் படித்ததே இல்லை என்பதைத் தம் கீழதிகாரிகள் என்றைக்காவது அறிந்திருப்பார்கள் என்று தமக்குத் தோன்றவில்லை என்று பின்னாளில் சிரித்துக்கொண்டே எழுதினார். தம் அறியாமை வெளிப்பட்டுவிடுமோ என்று உறக்கமின்றி இருக்கும் நம் இளைஞர்கள் இவ்விடத்தை இருமுறை வாசிக்கலாம்.

இனி, நாம் சொல்லவந்த காரியத்தின் மையத்துக்கு வருவோம். 1861 ஜூலை மாதம். மிஸௌரியில் ப்ளாரிடா என்ற சிற்றூருக்கு அருகில் தாமஸ் ஹாரிஸ் என்ற எதிரிப் படைத்தலைவர் முகாமிட்டிருந்தார். அவரை எதிர்க்குமாறு கிராண்டுக்கு உத்தரவு வந்தது. சுமார் 25 மைல் வழி. வழியிலிருந்த வீடுகளெல்லாம் வெறிச்சென்றிருந்தன. மெக்ஸிகோவில் எத்தனையோ சண்டைகளைக் கண்டவர்தான். ஆனால் அங்கெல்லாம் உத்தரவிட்டவர் வேறொருவர். இங்கே ஆயிரம் உயிருக்குத் தாமே பொறுப்பாளி. எதிரியின் முகாம் ஓர் ஓடைக்கரையில். அதை மறைத்துக்கொண்டு ஒரு குன்று. அக்குன்றின்மீது ஏற ஏற அவருக்கு நெஞ்சு அடைத்தது. திரும்பிப் போய்விடக்கூடாதா என்று ஏங்கினார். நில் என்று சொல்லி, என்ன செய்யலாமென்று யோசிக்கும் தைரியங்கூடத் தமக்கு இல்லாமற்போனமையாலேயே மேலே நடந்ததாக அவர் எழுதுகிறார். வீரம் என்று உலகம் கொண்டாடும் நடையிலே இப்படியும் ஒருவகை உண்டு போலும்!

உச்சியை அடைந்து பார்த்தால், ஓடைக்கரை காலியாகக் கிடந்தது. சில நாட்களுக்கு முன்னர் அங்கே முகாம் இருந்த அடையாளங்கள் மட்டும் தெரிந்தன. கிராண்ட் வரப்போகிறார் என்று கேள்விப்பட்டு ஹாரிஸ் ஓடிப்போயிருந்தார். அப்பொழுதுதான் கிராண்டுக்கு ஓர் உண்மை பளிச்சென்று விளங்கிற்று. தாம் ஹாரிஸுக்கு அஞ்சியவாறே ஹாரிஸும் தமக்கு அஞ்சியிருக்கிறார்! இந்தப் பக்கத்திலிருந்து விஷயத்தை அவர் அதுவரையில் பார்த்ததே இல்லை. அன்று முதல் யுத்தம் முடியும் வரையில், எதிரியைச் சந்திக்கும்போது கவலை உண்டானதுண்டு, பயம் உண்டானதில்லை என்று அவர் கூறுகிறார். அதே கோடையில், அதே பிரதேசத்தில், தென்னாட்டுப் பக்கத்து ஒழுங்கற்ற சிறு கூட்டமொன்றில் இருவாரம் சேர்ந்து திரிந்துவிட்டு ஓடிப்போன வாலிபர் ஒருவர் உண்டு. ப்ளாரிடா அவர் பிறந்த ஊர். மார்க் ட்வெய்ன் என்று பின்னாளில் உலகறிந்த ஹாஸ்ய ஆசிரியர் அவரே. அவரை மறுபடியும் சந்திப்போம்.

குன்றின்மீது கிராண்ட் கண்டுகொண்டதென்ன என்று நாம் பலகால் யோசித்ததுண்டு. தம்மைப் பற்றி அவர் புதிதாக ஒன்றும் அறிந்துகொள்ளவில்லை. தாம் பெரியவர் என்ற எண்ணமும் ஏற்படவில்லை. மற்றவரைப் பற்றி அறிந்துகொண்டார். அஞ்சுகிறவன் தன் மனத்தையே நோக்கிக்கொண்டிருக்கிறான். கிராண்டின் பார்வை அன்று வெளியே திரும்பிற்று. எதிரே உள்ளவனுக்கு என்ன குறை, என்ன கவலை என்று பார்க்கும் பழக்கம் உண்டாயிற்று.

அப்பழக்கத்தின் பலன் ஏழு மாதங்களில் தெரிந்தது. 1862 பிப்ரவரியில் டானல்ஸன் கோட்டையை அவர் முற்றுகையிட்டிருந்தார். 15-ந் தேதி காலை அவர் கப்பற்படைத் தலைவரைக் காணச் சென்றிருந்த சமயம், எதிரிகள் கோட்டையினின்று வெளிப்பட்டுப் படையின் வலப்புறத்தைச் சிதறடித்துவிட்டார்கள். திரும்பிவந்த கிராண்ட் கண்டது குழப்பம். எதிரிகளின் தோள்பைகளில் மூன்று நாள் உணவு நிறைந்திருப்பதாகச் சிப்பாய்கள் பேசிக்கொண்டார்கள். எதிரிகள் நெடுநாள் சண்டைக்கு ஆயத்தமாய் வந்திருப்பதாக அவர்களுக்குத் திகில். கிராண்டோ, கோட்டைக்குள் இருந்து போரிடுகிறவன் உணவைச் சுமந்துகொண்டு வரமாட்டான். தப்பி ஓடப் பார்க்கிறவனே சுமப்பான் என்று ஊகித்தார். எதிரி கலங்கியிருக்கிறான், முதலில் தாக்குகிறவனுக்கே ஜயம் என்று சொல்லி, உடனே இடப்புறப் படையை ஏவினார். மறுநாள் கோட்டை சரணடைந்தது. பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர் கைதிகளாயினர். வடநாட்டாருக்குக் கிடைத்த முதற் பெரிய வெற்றி அதுவே.

ஆனால் குன்றின்மீது பெற்ற தைரியத்துக்கு ஒரு குறையும் இருந்தது. எதிரி அஞ்சுகிறான் என்று அறிந்தவர், எதிரி துணிவான் என்பதைச் சிறிது மறந்துவிட்டார். ஏப்ரல் 6-ந் தேதி ஷைலோ என்னுமிடத்தில் எதிரிகள் அதிகாலையில் வந்து பாய்ந்தார்கள். முகாமைச் சுற்றி அகழியோ மண்சுவரோ இல்லை. அப்பகல் முழுவதும் அவர் படை ஆற்றங்கரை வரையில் தள்ளப்பட்டது. இரவு கொட்டும் மழையில் ஒரு மரத்தடியில் நின்றார். பக்கத்துக் குடிசைக்குள் ஒதுங்கப் போனால், அங்கே காயமுற்றோருக்குக் கை கால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அதைக் காணச் சகியாமல் மீண்டும் மழைக்கே வந்தார். பின்வாங்கலாமென்று சொல்லவந்த ஷெர்மன் தளபதி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அதைச் சொல்லாமலே விட்டார். மறுநாள் கிராண்ட் இழந்த இடத்தை மீட்டார். ஆயினும் இரண்டு நாளில் இரு திறத்தாரிலும் சுமார் 23,700 பேர் மாண்டும் காயமுற்றும் காணாமலும் போயினர். நாடு திடுக்கிட்டது. குடிகாரர் என்ற பழைய பேச்சுத் திரும்பவும் எழுந்தது.

மேலதிகாரியான ஹாலெக், கிராண்டைப் பெயரளவில் இரண்டாமவராக வைத்து ஒரு வேலையும் கொடாமல் ஒதுக்கினார். போர்முனையில் கலங்காதவர் இந்த அவமதிப்பில் உடைந்து, விடுப்புப் பெற்று ஊருக்குப் போக மூட்டை கட்டினார். அதைக் கேள்விப்பட்டு ஷெர்மன் ஓடிவந்தார். ஷெர்மன் தாமும் முந்தின வருஷம் புத்தி பேதலித்தவரென்று பத்திரிகைகளால் தூற்றப்பட்டவர். பொறுத்திருந்தால் காலம் மாறும் என்று எடுத்துச் சொல்லி நிறுத்தினார். கிராண்ட் தாமாகவே தம்மைத் தாங்கிக்கொண்டார் என்று எழுதினால் அது பொய்யாகும். கலீனா ஊர் வக்கீல் ராலின்ஸ் என்பவரும் காரியதரிசியாக உடனிருந்து, மது அண்டாதபடி கண்கொத்திப் பாம்பாகக் காத்தார்.

வேறொரு தவறையும் மறைப்பதற்கில்லை. 1862 டிஸம்பரில், பருத்தி வியாபாரத்தில் சிலர் செய்த முறைகேடுகளுக்காக, யூத சமூகத்தார் அனைவரையுமே தம் படை ஆளும் பிரதேசத்தினின்று வெளியேறும்படி உத்தரவிட்டார். சில வாரங்களில் லிங்கன் அதை ரத்துச் செய்தார். கிராண்ட் பிற்காலத்தில் அதற்காக வெட்கப்பட்டார். ஒருவன் செய்த பிழையை அவன் ஜாதியார் எல்லோர்மேலும் ஏற்றுவது எவ்வளவு எளிது, எவ்வளவு கொடிது என்பது நம் சங்கத்தார் அறியாததன்று.

விக்ஸ்பர்க் கோட்டையைப் பிடிக்க அவர் செய்த பிரயத்தனங்களைத் தனியே ஒரு கட்டுரையாக எழுதலாம். வாய்க்கால் வெட்டினார், சதுப்பு வழி தேடினார், காட்டாறுகளில் படகு விட்டார். மாதக்கணக்காக எதுவும் பலிக்கவில்லை. போன வழியே திரும்பி வருவதில்லை என்ற ஒரு மூடநம்பிக்கை அவருக்குச் சிறு வயது முதல் உண்டு. புறப்பட்டுப் போனவன் பாதியில் வீடு திரும்பலாகாது என்று நம் பாட்டிமார் சொல்வதை அவருக்கு யார் சொன்னார்களோ! கடைசியில் இரவிலே கப்பல்களைக் கோட்டைப் பீரங்கிகளுக்குக் கீழாகவே செலுத்தி, ஆற்றைக் கடந்து, எதிரியின் பின்புறமாகச் சுற்றிவந்து முற்றுகையிட்டார். 1863 ஜூலை 4-ந் தேதி சுமார் 29,000 பேருடன் கோட்டை அவர் வசமாயிற்று.

1864-ல் லிங்கன் அவரைச் சேனை அனைத்துக்கும் தலைவராக்கினார். பதவி ஏற்க வாஷிங்டன் போனபோது, புழுதி படிந்த பிரயாண உடுப்போடு மகனைக் கைப்பிடித்து வந்தவரை ஹோட்டல் குமாஸ்தா அடையாளம் காணாமல், மாடியின் கோடியில் ஓர் அறை இருக்கிறது என்றாராம். கையெழுத்தைப் பார்த்தபின் பதறினாராம். கிராண்டுக்கு அந்த அறையே போதுமாயிருந்தது.

அவ்வருஷம் மே மாதம் வர்ஜினியாக் காட்டில் லீ என்னும் பெருந்தளபதியை எதிர்த்தார். இரண்டு நாட்களில் சேதம் பயங்கரம். உடனிருந்த அதிகாரிகளுக்கு லீயின் பெயரே ஒரு பூதம். லீ இப்படிச் செய்வார், அப்படிச் செய்வார் என்று ஓர் அதிகாரி வந்து பதறியபோது, பொறுமையே உருவான கிராண்ட் சினங்கொண்டார். லீ என்ன செய்வார் என்று எண்ணுவதை விட்டு நாம் என்ன செய்யப்போகிறோம் என்று எண்ணும்படி கடிந்து அனுப்பினார். அன்றிரவு கூடாரத்தில் தனியே போய்ப் படுத்து அவர் குமுறினாரென்று உடனிருந்தோர் பதிவு செய்திருக்கிறார்கள். குமுறியதும் உண்மை, மறுநாள் இரவு படையைப் பின்னோக்கி அழைத்துப் போகாமல் தெற்கே, முன்னோக்கித் திருப்பியதும் உண்மை. முன்னே அத்தனை தளபதிகளும் அவ்விடத்திலிருந்து திரும்பியே போயிருந்தார்கள். வழி திரும்புவதைக் கண்ட சிப்பாய்கள் இருளில் ஆரவாரித்தார்கள். எனினும் ஒரு மாதத்துக்குள் கோல்ட் ஹார்பர் என்னுமிடத்தில் அவர் ஏவிய தாக்குதலில் ஆயிரக்கணக்கானோர் வீணே மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர். அதை எண்ணி இறுதிவரை அவர் வருந்தினார். திடமான மனம் தவறாத மனம் ஆகிவிடாது.

1865 ஏப்ரல் 9-ந் தேதி லீ சரணடைந்தார். லீ புத்தம்புதிய உடையில் வந்தார். ஜயித்தவர் சேறு தெறித்த சிப்பாய்ச் சட்டையில் வந்தார். தோற்றவர்களுக்கு உணவு கொடுக்கவும், உழவுக்காக அவர்கள் தம் குதிரைகளைக் கொண்டுபோகவும் அனுமதித்தார். தம் படையினர் வெற்றி வேட்டுப் போட்டபோது நிறுத்தச் சொன்னார்.

பின்னர் 1869 முதல் 1877 வரை ஜனாதிபதியாயிருந்தார். விடுதலை பெற்ற கறுப்பு ஜனங்களைக் கொடுமைப்படுத்திய க்ளக்ஸ் கூட்டத்தாரைச் சட்டத்தாலும் படையாலும் அடக்கினார். அதே சமயம் அவர் நம்பிய உத்தியோகஸ்தர் பலர் லஞ்சத்தில் சிக்கி அவருக்கு அபகீர்த்தி தேடினார்கள். பதவி நீங்கியபின் உலக யாத்திரை செய்து, 1879-ல் நம் இந்தியாவுக்கும் வந்து பம்பாய், கல்கத்தா முதலிய நகரங்களைக் கண்டார்.

குதிரைக்குட்டி விலையை ஒளிக்கத் தெரியாத பிள்ளை அறுபது வயதிலும் அப்படியே இருந்தார். பெர்டினண்ட் வார்டு என்ற வாலிபன் நியூயார்க்கில் அவர் மகனோடு கூட்டாக வட்டிக்கடை நடத்தினான். கிராண்ட் தம் பணம் முழுவதையும் அதிலே போட்டார். கணக்கைப் பார்த்ததே இல்லை. 1884 மே மாதத்தில் அவசரமென்று சொல்லி, கோடீசுவரர் வாண்டர்பில்ட்டிடம் 1,50,000 டாலர் கடன் வாங்கித்தரச் செய்தான் வார்டு. இரண்டொரு நாளில் கடை கவிழ்ந்தது, அத்தனையும் மோசடி. கிராண்டின் வீட்டில் மிஞ்சியது இருநூறு டாலர் சுமார். தம் வாள்களையும் பதக்கங்களையும் வாண்டர்பில்ட்டிடம் கடனுக்கு ஈடாகக் கொடுத்தார். சேனைகளின் முன் கலங்காத அறிவு, பேரேட்டின் முன் குழந்தையாய் நின்றது. ஒரு தொழிலில் முதிர்ந்த தன்னம்பிக்கை இன்னொரு தொழிலுக்குத் தானே நடந்து வந்துவிடும் என்று நினைத்து மோசம்போன குடும்பங்களை நாமும் கண்டிருக்கிறோம்.

அந்தக் கோடையில் ஒருநாள் பீச்சுப் பழத்தைக் கடித்தவருக்குத் தொண்டையில் தீப்பட்டாற்போல் வலி எடுத்தது. புற்றுநோய். மனைவிக்கு வைத்துப்போக ஒன்றுமில்லை. ஒரு மாதப் பத்திரிகை யுத்த அநுபவங்களை எழுதித்தரக் கேட்டது. ஷைலோ சண்டையைப் பற்றி எழுதிக் கொடுத்தார். அது சர்க்கார் ரிப்போர்ட்டைப்போல் வறண்டிருந்தது. பத்திராதிபர் கடற்கரை வீட்டுக்கே வந்து, வெறுமனே பேசச் சொல்லிக் கேட்டார். பேச்சிலே மழையும் மரத்தடியும் குடிசையும் வந்தன. இதையே எழுதுங்கள் என்றார் பத்திராதிபர். அறுபத்திரண்டு வயதில், எழுத்தாளனாகத் தம்மைக் கனவிலும் எண்ணாதவர், முன்னே அணிவகுப்புப் புஸ்தகத்தைத் தள்ளியதுபோல் ரிப்போர்ட்டு நடையைத் தள்ளிவிட்டு மறுபடியும் எழுதினார், நன்றாக வந்தது. அது கண்டு, தம் வரலாற்றை முழுதும் எழுதத் துணிந்தார். அதை வெளியிட நல்ல விகிதத்தில் ஒப்பந்தம் செய்தவர் மார்க் ட்வெய்ன். இருபத்துநான்கு வருஷங்களுக்கு முன்பு எதிர்ப்பக்கத்துச் சிறு கூட்டத்தில் சேர்ந்து திரிந்துவிட்டு ஓடிப்போன அதே வாலிபர்.

1885 ஜூன் மாதம் அவரை மக்ரெகர் மலைக்குக் கொண்டுபோனார்கள். தொண்டை அடைத்துக் குரல் போய்விட்டது. சொல்லவேண்டியதைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினார். கம்பளித் தொப்பியும் சால்வையுமாகத் தாழ்வாரத்து நாற்காலியில் சாய்ந்து, வலி சற்றுத் தணிந்த வேளைகளில் பென்சிலால் எழுதினார். ப்ளாரிடாக் குன்றின்மீது தாம் நடுங்கியதை ஒரு சொல்லும் குறைக்காமல் அதிலே எழுதினார். இரண்டு பாகங்களையும் முடித்த சில நாட்களில், ஜூலை 23-ந் தேதி காலை, காலமானார். பழைய சிப்பாய்கள் வீடு வீடாகச் சென்று அப்புஸ்தகத்துக்குச் சந்தா சேர்த்தார்கள். ஜூலியா அம்மையாருக்கு அதிலிருந்து சேர்ந்த தொகை சுமார் 4,50,000 டாலர்.